ஐ7 ஸ்டிக்கரும் தேய்ஞ்ச ஸ்குரூவும்: திருகோணமலையில ஒரு குடும்பம் லெப்டொப் வாங்கின நிகழ்வு ஆய்வு

நான் திருகோணமலை டவுனில லெப்டொப், பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிற ஆள். புதுசா லெப்டொப் வாங்கப் போற ஆக்கள் "அண்ணா எது நல்லம்" எண்டு கேட்டு வாறது வழமை, ஆனா வாங்கிப் போட்டு "இதில என்ன பிழை" எண்டு கேட்டு வாற ஆக்கள்தான் கூட. கீழ இருக்கிறது 2025 ஜனவரியில இருந்து அந்த வருஷம் ஒக்டோபர் வரைக்கும் ஒரு வீட்டில நடந்தது. அவங்கட சம்மதத்தோடதான் எழுதுறன், ஆக்கள்ட பேரும் கடைகள்ட பேரும் போடேல்ல. என்ர பிழையும் இதில இருக்கு, அதையும் மறைக்கேல்ல.

பின்னணி

வீடு உப்புவெளிப் பக்கம். தகப்பன் போட் எஞ்சின் மெக்கானிக், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில இருந்து நிலாவெளிக் கரை வரைக்கும் அவுட்போட் எஞ்சின் திருத்துறவர். தாய் வீட்டில தையல். மூத்த மகள் கோணேசபுரி கம்பஸ்ல கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறா. முதல் வருஷம் முழுக்க லேப்ல இருக்கிற மெஷினையும் கூட்டாளிட லெப்டொப்பையும் வச்சு சமாளிச்சுட்டா, ரெண்டாம் வருஷம் ஜாவா, அண்ட்ரொய்ட் ஆப் செய்ற பாடம் எல்லாம் வரப்போகுது, இனி சொந்தமா ஒண்டு இல்லாம சரிவராது எண்ட நிலைமை.

காசு ரெண்டு பக்கத்தால வந்தது. கனடாவில இருக்கிற மாமா, அதாவது தாயிட தம்பி, 60,000 ரூபா அனுப்பினவர். தாய் சீட்டுப் பிடிச்ச காசில 40,000. ஆக ஒரு லட்சம். 2022 மார்ச்சில மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்ட பிறகு 200 ரூபா அளவில நிண்ட டொலர் 360 வரைக்கும் ஏறி, பிறகு 300 பக்கத்தில வந்து நிண்டது எல்லாருக்கும் தெரியும். முந்தி ஒரு லட்சத்துக்கு புதுசா நல்ல மெஷின் எடுத்த ஆக்கள் இப்ப அதே காசுக்கு செகண்ட்ஹேண்டுக்குத்தான் போக வேண்டி இருக்கு. இந்த வீட்டிலயும் அப்பிடித்தான், புதுசா பழசா எண்ட கதையே எடுபடேல்ல, விலையைக் கேட்ட உடனே பழசு எண்டு முடிவாச்சு.

ஆளாளுக்கு ஒரு லெப்டொப்

இந்தப் பகுதியை நான் பிறகு ஒவ்வொருத்தரிட்டயும் தனித்தனியாக் கேட்டுத்தான் எழுதுறன், ஏனெண்டா முதல் தடவை வாங்கேக்க நான் இந்தக் கதையிலயே இல்லை.

மாமாக்குத் தேவை ஐ7, அதாவது இன்டெல் ப்ரொசசரில ஐ3, ஐ5க்கு மேல இருக்கிற வரிசை. அவர் சொன்ன காரணம், "நான் காசு போடுறன், பிள்ளை நாலு வருஷம் படிக்கப் போறாள், ஐ3 ஐ5 எல்லாம் எடுத்துப் போட்டு ரெண்டு வருஷத்தில திரும்ப என்னட்ட வரக்கூடாது". அதில பிழை சொல்ல ஏலாது, தூரத்தில இருந்து காசு அனுப்புற மனுசன் வேற எதை வச்சுத்தான் தரத்தை அளக்கிறது?

பிள்ளைக்குத் தேவை பாரம் குறைவான ஒண்டு, பற்றரி நிக்க வேணும். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில தோளில போட்டுக் கொண்டு போறவ. லெக்சர் ஹோலில ப்ளக் பொயிண்டுக்குப் பக்கத்தில இடம் பிடிக்க அடிபடுறதை முதல் வருஷத்திலயே பார்த்திட்டா.

தாய்க்கு விலையும், "பார்க்க வடிவா இருக்கா" எண்டதும்.

தகப்பன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இது பழுதாப் போனா ஆர் பார்க்கிறது, சாமான் எங்க எடுக்கிறது?" எஞ்சின் திருத்துறவர் வேற என்ன கேப்பார். ஆனா அதுக்கு வீட்டில கிடைச்ச பதில், "அப்பா உங்களுக்கு கம்ப்யூட்டர் விளங்காது, நீங்க சும்மா இருங்க". அவரும் சும்மா இருந்திட்டார்.

முதல் வாங்கல்: ஜனவரி 18

தாயிட அக்காட மகன் ஒராள் கொழும்பில வேலை, பிள்ளைக்கு அண்ணன் முறை. அவர் ஒன்லைனில ஒரு விளம்பரம் பிடிச்சார். "ஐ7, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, வெளிநாட்டுக் கொம்பனியில பாவிச்சது, புதுசு மாதிரி, 92,000." கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில மெசேஜ் போட்டு பற்றரி எப்பிடி எண்டு கேக்க, அவர் வொயிஸ் மெசேஜ்ல சொல்லியிருக்கிறார், "நாலு மணித்தியாலம் தாராளமா நிக்கும்". இந்த வொயிஸ் மெசேஜை மறக்காதேங்கோ, பிறகு தேவைப்படும்.

தகப்பனும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறி விடியக் கொழும்பில இறங்கி, அந்தக் கொழும்பு அண்ணனையும் கூட்டிக் கொண்டு கடைக்குப் போயிருக்கினம். சனிக்கிழமை, கடையில சனம். மெஷினைப் போட்டுக் காட்டினாங்க, விண்டோஸ் வந்தது, யூடியூப்பில ஒரு பாட்டுப் போட்டாங்க, சத்தம் கேட்டது, முடிஞ்சுது. பிள்ளைட கணக்குப்படி கடைக்குள்ள நிண்டது பத்து நிமிஷம். சார்ஜர் முழு நேரமும் மாட்டியபடியே இருந்தது. அதை ஒருத்தரும் கழட்டச் சொல்லேல்ல.

ஒரு விஷயம் மட்டும் நடந்திருக்கு. தகப்பன் லெப்டொப்பைக் கவிட்டுப் பார்த்தவர். அடிப்பக்கத்து ஸ்குரூவில ரெண்டு தலை தேய்ஞ்சு கிடக்கு, ஒண்டு மற்றதுகளை விட வேற நிறம். "இதை கனக்கத் தரம் கழட்டியிருக்கிறாங்கள்" எண்டு அவருக்கு அந்த இடத்திலயே விளங்கியிருக்கு. ஆனா சொல்லேல்ல. ஏன் சொல்லேல்ல எண்டு நான் பிறகு கேட்டன். "மச்சான்ட காசு, பெடியன் தேடிப் பிடிச்ச கடை, பிள்ளைட முகத்தில சந்தோசம். நான் ஸ்குரூவைப் பத்திக் கதைச்சா ஆருக்குப் பிடிக்கும் தம்பி?"

பில்லில எழுதிக் கிடந்தது "ஐ7 லெப்டொப் 16ஜிபி, ஒரு மாச செக்கிங் வொரண்டி, காசு திருப்பித் தரப்படமாட்டாது". மொடல் நம்பர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, எத்தனையாம் ஜெனரேஷன், அதாவது எந்தக் காலத்து ப்ரொசசர் எண்டும் இல்லை.

கரண்ட் போன ஞாயிறு

முதல் மூண்டு கிழமை பெரிசா ஒண்டும் நடக்கேல்ல, வீட்டில மேசையில வச்சு சார்ஜரில போட்டபடி பாவிச்சதால பற்றரியைப் பத்தி ஒருத்தருக்கும் தெரிய வரேல்ல. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க கரண்ட் போன நாள் ஞாபகம் இருக்கும், பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சதெண்டு அமைச்சர் சொல்லி ஊரே சிரிச்ச அந்த நாள். பிள்ளை அசைன்மென்ட் அடிச்சுக் கொண்டு இருந்திருக்கிறா. கரண்ட் போனது, லெப்டொப் ஓடிக் கொண்டே இருந்தது, "பார்த்தியா லெப்டொப்பெண்டா இதுதான்" எண்டு தாய் சொல்லி அரை மணித்தியாலம் ஆகேல்ல, பற்றரி 31 சதவீதம் காட்டிக் கொண்டிருக்கேக்கயே பட்டெண்டு நிண்டுட்டுது. சேவ் பண்ணாத ரெண்டு பக்கம் போச்சு. அடுத்தடுத்த நாள் சுழற்சி முறையில கரண்ட் வெட்டினாங்க, அப்பவும் அதே கதை, ஒரு நாள் 40 சதவீதத்தில நிண்டது.

பெப்ரவரி 12, போயா (பௌர்ணமி) லீவு. தகப்பனும் பிள்ளையும் என்னட்ட வந்தாங்க. பில்லைப் பார்த்தன், ஒரு மாச வொரண்டி முடிய அஞ்சு நாள் இருக்கு. அதால எல்லாத்தையும் அண்டைக்கே பார்த்து எழுதிக் குடுக்கிறதெண்டு முடிவெடுத்தன்.

மேசையில பார்த்தது

முதல்ல ப்ரொசசர். ஸ்டிக்கரில ஐ7 உண்மைதான், பொய்யில்லை. ஆனா அது ஐ7-7600யூ, ஏழாம் ஜெனரேஷன், 2017 காலத்துச் சாமான். அதில கோர், அதாவது உள்ளுக்க வேலை செய்ற பகுதி, ரெண்டே ரெண்டுதான். 2022இல வந்த சாதாரண ஐ3-1215யூவில ஆறு கோர் இருக்கு, ரெண்டு பெரிசு நாலு சின்னன். ஐ7 எண்டது அந்தந்த வருஷத்து வரிசையில அதுக்கிருந்த இடம் மட்டும்தான், 2017 வரிசையில முன்னுக்கு நிண்டது 2022 வரிசையில கடைசிக்கும் பின்னால நிக்குது. இதைத் தகப்பனுக்கு விளங்கப்படுத்த நான் கஷ்டப்படவே இல்லை, அவர் உடனே சொன்னார், "பதினஞ்சு வருஷம் ஓடின நாப்பது ஹோர்ஸ் எஞ்சினும் நாப்பது ஹோர்ஸ்தானே, மூடியில அப்பிடித்தானே எழுதியிருக்கு".

விண்டோஸ் 11 போட்டிருந்தது, ஆனா விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் இன்டெல்லில எட்டாம் ஜெனரேஷனில இருந்துதான் ஏற்குது, ஏழாமில ஒண்டு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, இது அதில இல்லை. அப்ப செக்கிங்கைத் தாண்டிப் போட்டிருக்கிறாங்கள் எண்டுதான் அர்த்தம். அப்பிடிப் போட்டா மெஷின் ஓடும், ஆனா அடுத்த பெரிய வேர்ஷன் வரேக்க தானா வராது. சரி விண்டோஸ் 10க்குப் போவம் எண்டா, அதுக்கு சப்போட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிய இருந்தது. ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைக்கு இது ரெண்டும் சரிவராது. மேலதிகமா அக்டிவேஷனும் க்ராக், அதாவது லைசன்ஸ் இல்லாம களவாப் போட்டது, அதுக்காக அன்டிவைரஸில ஒரு ஃபோல்டரை "பார்க்காதே" எண்டு ஒதுக்கி வச்சிருந்தது. பிள்ளை அதே மெஷினில பேங்க் அக்கவுண்டும் திறக்கிறா.

பற்றரி ரிப்போட் எடுத்தன். விண்டோஸ்லயே இருக்கிற விஷயம் இது, ஒரு கமாண்ட் அடிச்சா ஃபைல் ஒண்டு வரும், அதில புதுசா இருக்கேக்க எவ்வளவு கொள்ளளவு, இப்ப எவ்வளவு எண்டு ரெண்டு எண் பக்கத்தில பக்கத்தில நிக்கும். இதில 50,000 மில்லிவொட் மணித்தியாலம் எண்டு இருக்க வேண்டிய இடத்தில 16,800 நிண்டது. மூண்டில ஒண்டு. கிழண்ட பற்றரி சதவீதத்தை ஒழுங்காக் காட்டாது, அதாலதான் 31ல நிண்டது.

எஸ்எஸ்டி, அதாவது ஃபைலெல்லாம் கிடக்கிற டிஸ்க், அதிட ஹெல்த் 61 சதவீதம், உடனே சாகாது, ஆனா புதுசு மாதிரி எண்ட கதைக்குப் பொருந்தாது. ஸ்க்ரீன் 1366க்கு 768, பழைய அளவு, ஆப் செய்ற அண்ட்ரொய்ட் ஸ்டூடியோவைத் திறந்தா மேல கீழ இருக்கிற மெனு எல்லாம் இடம் பிடிச்சது போக கோட் தெரியிறது ஒரு பிடி அளவுதான். வலது கீழ் மூலையில வெள்ளையா ஒரு அழுத்தின தழும்பு, வெள்ளைப் பக்கம் திறந்தாத்தான் தெரியும், யூடியூப்பில தெரியாது.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பெரிசாப் பட்டது வேற ஒண்டு. டாஸ்க் மனேஜரில பார்த்தா வேர்ச்சுவலைசேஷன், அதாவது ஒரு மெஷினுக்குள்ள இன்னொரு மெஷினை ஓட விடுற வசதி, ஓஃப் எண்டு காட்டுது. கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு போன் மாதிரி ஓடி ஆப்பைச் சோதிக்க விடுற அண்ட்ரொய்ட் எமுலேட்டர் ஒழுங்கா ஓட அது ஒனில இருக்க வேணும். பயோஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர முதல் ஓடுற அடிப்படை செட்டிங்குக்குள்ள போய் ஒன் பண்ணுவம் எண்டு போனா பாஸ்வேர்ட் கேக்குது. முந்தி பாவிச்ச கொம்பனி போட்ட பாஸ்வேர்ட், கடைக்காரருக்கே தெரிஞ்சிருக்காது. இந்த மாதிரிக் கொம்பனி லெப்டொப்புகளில உள்ளுக்க இருக்கிற சின்ன பற்றரியைக் கழட்டிப் போட்டா அந்த பாஸ்வேர்ட் போகாது, அது வேற சிப்பில கிடக்கு. ஆக பிள்ளை எந்தப் பாடத்துக்காக லெப்டொப் வாங்கினாவோ அந்தப் பாடத்தைத்தான் அந்த மெஷினில செய்ய ஏலாது.

இதைச் சொல்லி முடிக்க தகப்பன் மெஷினைக் கவிட்டு அந்த ஸ்குரூவை எனக்குக் காட்டினார். அப்பதான் அவர் கடையில கண்டதைச் சொன்னார். பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தா, ஒண்டும் கதைக்கேல்ல.

தீர்மானம் ஒண்டு: திருப்பிக் குடுக்கிறது

முன்னுக்கு இருந்தது மூண்டு வழி. புது பற்றரி போட்டு சமாளிக்கிறது, ஒரிஜினல் இல்லாத ஒண்டு 13,000 அளவில வரும், ஆனா பயோஸ் லொக் அப்பிடியே இருக்கும். மற்றது, இங்கயே ஆருக்கும் வித்துப் போடுறது. பிள்ளை அதுக்குச் சம்மதிக்கேல்ல, "எனக்கு நடந்ததை இன்னொராளுக்குச் செய்றதோ" எண்டு கேட்டா, அந்தக் கதை அதோட நிண்டது. மூண்டாவது கடைக்குத் திருப்புறது.

பில்லில காசு திருப்பமாட்டம் எண்டு அச்சடிச்சிருக்கே எண்டு தாய்க்குப் பயம். நான் சொன்னது, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை எண்டு ஒண்டு இருக்கு, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, 1977க்கு அடிச்சுக் கேக்கலாம், எழுத்தில முறைப்பாடு குடுக்கிறதெண்டா வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்க வேணும். நேரா அங்க போகாம முதல்ல கடைக்காரரோட கதைச்சுப் பார்ப்பம், சரிவராட்டி அங்க போவம் எண்டு முடிவாச்சு. காரணம் சிம்பிள், பிள்ளைக்கு லெப்டொப் வேணும் இந்த மாசம், விசாரணை எப்ப முடியுமெண்டு ஆருக்குத் தெரியும்.

இந்த இடத்தில எங்களுக்கு இருந்த பலவீனத்தையும் சொல்ல வேணும். "ஐ7" எண்டு பில்லில இருக்கு, மெஷினும் ஐ7. "16 ஜிபி" இருக்கு. எழுத்தில இருக்கிற ஒண்டும் பொய்யில்லை. பிடிக்கிறதுக்கு இருந்தது அந்த வொயிஸ் மெசேஜ் மட்டும்தான். நாலு மணித்தியாலம் எண்டு அவர்ட வாயாலயே சொன்னது, இங்க பற்றரி ரிப்போட் சொல்லுறது வேற.

பெப்ரவரி 15 சனிக்கிழமை கொழும்பு அண்ணனும் தகப்பனும் கடைக்குப் போனாங்க. முதல்ல எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான் எண்டாங்கள், அதுவும் மேல காசு போட்டு. ரிப்போட் பிரிண்டைக் காட்டினதுக்கு "அது சொஃப்ட்வெயார் பிழையாக் காட்டும்". பிறகு தகப்பன் அந்த அண்ணன்ட போனை வாங்கி வொயிஸ் மெசேஜை கடைக்குள்ள சத்தமாப் போட்டிருக்கிறார், ரெண்டு வேற கஸ்டமர் நிக்கேக்க. கடைசியா 78,000 திருப்பித் தந்தாங்கள். 14,000 நட்டம், பஸ் காசு வேற. அதுக்கு மேல இழுபறிப்படாம வாங்கிக் கொண்டு வந்தது சரி எண்டுதான் நான் இப்பவும் நினைக்கிறன், ஆனா தாய் அதை ஏற்கேல்ல, முழுக்காசுக்கும் முறைப்பாடு போட்டிருக்க வேணும் எண்டு அவ இண்டைக்கும் சொல்றா. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

தீர்மானம் ரெண்டு: எதை வாங்கிறது

இந்த முறை மாமாவோட வீடியோ கோலில நானே கதைச்சன். ஐ7 கதை திரும்ப வந்தது. நான் ரெண்டு ப்ரொசசர்ட எண்களையும் எழுதி, எந்த எண் வருஷத்தைச் சொல்லுது எண்டு காட்டினன். மனுசன் கொஞ்ச நேரம் பேசாம இருந்து போட்டு, "அப்ப எனக்கு இருக்கிற ஐ7 எத்தனையாம்?" எண்டு தன்ர லெப்டொப்பைத் திருப்பிப் பார்த்தார். அதுவும் ஏழுதான். பிறகு மேல 80,000 போட சம்மதிச்சார்.

பெரிய கண்டிஷன் தகப்பன் வச்சது. திருகோணமலைக்குள்ள கடை இருக்க வேணும், பழுதெண்டா தானே நடந்து போய் அவங்கட மேசையில வைக்க வேணும் எண்டது. கொழும்பை விட எட்டாயிரம் கூட வந்தாலும் பரவாயில்லை எண்டார். டவுனில ரெண்டு கடை ஏறினம், கடைசியா மேசையில நிண்டது மூண்டு மொடல்.

ஒண்டு ஐ5 பன்னிரண்டாம் ஜெனரேஷன், 14 இஞ்ச், மெல்லிசு, பிள்ளைக்குக் கண்டதும் பிடிச்சிட்டுது, 189,000. ஆனா ரேம் 8 ஜிபி, போர்டோட ஒட்டினது, பிறகு கூட்ட ஏலாது. அண்ட்ரொய்ட் ஸ்டூடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓடேக்க 8 ஜிபி மூச்சுத் திணறும். ரெண்டாவது ரைசன் 5 7520யூ, 158,000. ஏழாயிரத்து சொச்சம் எண்ட எண்ணைப் பார்த்து புதுசு எண்டு நம்பிப் போவம், ஆனா ஏஎம்டிட அந்த முறையில முதல் எண் வந்த வருஷத்தைச் சொல்லும், மூண்டாவது எண்தான் உள்ளுக்க இருக்கிற டிசைனைச் சொல்லும், 7520ல அது ரெண்டு, அதாவது ஸென் 2 எண்ட பழைய டிசைனைப் புதுப் பெயரில தாறாங்கள். அதிலயும் ரேம் ஒட்டினதுதான். மூண்டாவது ஐ3-1215யூ, 15.6 இஞ்ச், 8 ஜிபி, 512 எஸ்எஸ்டி, ரெண்டு வருஷ வொரண்டி, 149,500. இதில ரேமுக்கு ஒரு ஸ்லொட் காலியாக் கிடந்தது. இன்னொரு 8 ஜிபி 9,500க்குப் போட்டா 16 ஆகும், ரெண்டு சேனலில ஓடுறதால கிராஃபிக்ஸும் கொஞ்சம் தெம்பாகும்.

நான் மூண்டாவதைச் சொன்னன். பிள்ளை முகம் சுருங்கினது எனக்குத் தெரிஞ்சது, ஆனா நான் கண்டுகொள்ளேல்ல. இதைப் பத்திப் பிறகு சொல்றன்.

கடையில அரை மணித்தியாலம்

சார்ஜரைக் கழட்டித்தான் தொடங்கினம். வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் திறந்து ஸ்க்ரீன் பார்த்தம். பென்டிரைவை ஒவ்வொரு போட்டிலயும் குத்தினம். பிள்ளை நோட்பேடில தமிழில ஒரு பந்தி அடிச்சா, ஒரு பட்டனும் ஒட்டேல்ல. கெமரா, மைக், வைஃபை. பற்றரி ரிப்போட்டில ரெண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்டாய் நிண்டது. டாஸ்க் மனேஜரில வேர்ச்சுவலைசேஷன் ஒன். பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரையும் அடியில இருக்கிறதையும் ஒப்பிட்டு, போனில கொம்பனிட வொரண்டிப் பக்கத்தில அடிச்சுப் பார்த்தம், இலங்கை எண்டு வந்தது. 512க்கு 476தானே காட்டுது எண்டு பிள்ளை கேட்டா, அது ஏமாத்தில்லை, செய்றவங்க ஆயிரத்தால கணக்குப் பார்க்கிறாங்க, விண்டோஸ் 1024ஆல பார்க்குது, அவ்வளவுதான்.

கடையில நிண்ட பெடியன் பொறுமையிழந்து, "அண்ணா வாங்கப் போறீங்களா, இல்ல தீசிஸ் எழுதப் போறீங்களா?" எண்டார். தகப்பன் அவரைப் பார்த்துக் கேட்டது தன்ர பழைய கேள்விதான். பழுதானா ஆர் பார்க்கிறது? பெடியன் சொன்னார், சேர்விஸ் சென்டர் கொழும்பில, நாங்க கூரியரில அனுப்பி எடுத்துத் தருவம். எத்தனை நாள்? ரெண்டு மூண்டு கிழமை. கூரியர் காசு ஆர்ட? பெடியன் முதலாளியைக் கேட்டு வந்து, "எங்கட" எண்டார். "அதை பில்லில எழுதுங்க தம்பி." எழுதினாங்க. மொடல், சீரியல், ரேம் அளவு, கூரியர் கடைப்பொறுப்பு, எல்லாம் அந்த பில்லில இருக்கு.

மற்ற ரேமை நான் என்ர கடையில கொண்டு போய்ப் போடுறன், கூலி வேண்டாம் எண்டன். தகப்பன் மறிச்சார். "நீங்க கழட்டினா பிறகு அவங்க, ஆரோ கழட்டியிருக்கிறாங்கள் எண்டு சொல்லுவாங்க. அவங்களே போடட்டும்." நான் இந்த வேலையை எத்தனையோ வருஷமாச் செய்றன், எனக்கு அது தோணேல்ல.

பிறகு நடந்தது

மார்ச்சில கொழும்பு அண்ணன் எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷொட் அனுப்பினார். அந்தக் கொழும்புக் கடையிட விளம்பரம். அதே லெப்டொப், மூடியில இருந்த அதே கீறல், விலை 89,000, கீழ "பற்றரி 4 மணித்தியாலம்".

புது மெஷினில பிள்ளை அண்ட்ரொய்ட் பாடத்தை முடிச்சா, எமுலேட்டர் ஓடினது, ஆரம்பிக்க ஒரு நிமிஷம் எடுக்கும், அவ்வளவுதான். லேசான வேலைக்கு பற்றரி அஞ்சு மணித்தியாலம் கிட்ட நிக்குது.

செப்டெம்பரில டச்பேட் ஒரு பக்கம் வேலை செய்யாமப் போச்சு. தகப்பன் சொன்னபடி நடந்து போய் மேசையில வச்சார். போக முதல் எல்லாத்தையும் ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில கொப்பி எடுத்து விட்டன். கடையில "கூரியர் 1,200" எண்டாங்க, பில்லைக் காட்டினதோட அந்தக் கதை முடிஞ்சது. 19 நாளில திரும்பி வந்தது, டச்பேட் மாத்தி, காசில்லாம. அந்த 19 நாளும் பிள்ளை என்ர கடையில கிடந்த ஒரு பழைய மெஷினில சமாளிச்சா. சொன்ன ரெண்டு மூண்டு கிழமைக்குள்ளதான் வந்தது, ஆனா பரீட்சைக் காலத்தில வந்திருந்தா கஷ்டம்தான். திருகோணமலையில இருந்து லெப்டொப் வாங்கிறவங்க இந்த 19 நாளையும் விலையோட சேர்த்துக் கணக்குப் பார்க்க வேணும்.

கடற்காத்து விஷயம் ஒண்டு. உப்புவெளியில வீடு கரைக்குக் கிட்ட, ஜன்னலோரத்தில வச்சுப் பாவிச்சதில ஆறு மாசத்திலயே யூஎஸ்பி போட் ஓரத்தில லேசா மங்கல் விழத் தொடங்கினது. தகப்பன்தான் கண்டு இடத்தை மாத்தினவர், இப்ப உள் அறையில, பாவிச்சு முடிய பேக்குக்குள்ள.

மாத்திச் செய்திருக்க வேண்டியது

என்ர பிழையைச் சொல்றன். பிள்ளை முதல்லயே சொன்னது பாரம் குறைவா வேணுமெண்டு. நான் தேர்ந்தது 1.7 கிலோ, சார்ஜரோட ரெண்டுக்குக் கிட்ட. ஸ்க்ரீன் வெளிச்சமும் 250 நிட்ஸ்தான், நிறம் 45 சதவீத என்டிஎஸ்சி, ரெண்டும் குறைவு, வெளிச்சமான லெக்சர் ஹோலில மங்கலாத் தெரியுது, கம்பஸ் நிகழ்ச்சிக்குப் போஸ்டர் செய்றா, பிரிண்ட் எடுத்தா நிறம் வேறயா வருது. ரேமும் ப்ரொசசரும் வடிவாக் கணக்குப் பார்த்த நான் அதைத் தூக்கிக் கொண்டு போற தோளைக் கணக்கில எடுக்கேல்ல. மாமா ஸ்டிக்கரைப் பார்த்தார், நான் ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தன், ரெண்டு பேருமே பாவிக்கிறவட்டக் கேக்கேல்ல. ரேமுக்கு ஸ்லொட் இருக்கிற 14 இஞ்ச் ஒண்டை இன்னும் ரெண்டு கிழமை தேடியிருந்தா கிடைச்சிருக்கலாம், அவசரப்பட்டிட்டன்.

முதல் வாங்கலில, கடைக்குப் போக முதல் மொடல் நம்பரை மட்டும் கேட்டு எடுத்திருந்தாலே கனக்க விஷயம் வீட்டில இருந்தே தெரிஞ்சிருக்கும். கொம்பனியில பாவிச்ச லெப்டொப்பெல்லாம் கூடாதெண்டு நான் சொல்லமாட்டன், எட்டாம் ஜெனரேஷனுக்கு மேல, பயோஸ் திறந்து காட்டினா, பற்றரி ரிப்போட் நல்லா இருந்தா, அந்தக் காசுக்கு அது நல்ல சாமான், நானே பலருக்கு எடுத்துக் குடுத்திருக்கிறன். ஆனா பயோஸ் திறக்காத மெஷினை இனி என்ன விலைக்கும் எடுக்கச் சொல்ல மாட்டன்.

தகப்பன்ட்ட ஸ்குரூ கதையைத் திரும்பவும் ஒருக்காக் கேட்டன், அண்டைக்கே சொல்லியிருக்கலாமே எண்டு. அவர் சிரிச்சார். "இப்ப கேக்கினம், அப்ப கேட்டிருப்பினமோ?"

இப்ப பிள்ளை வீட்டில வச்சுப் பாவிக்க ஒரு செகண்ட்ஹேண்ட் மொனிட்டர் தேடித் தரச் சொல்லியிருக்கிறா, போஸ்டர் வேலைக்கு. ரெண்டு இடத்தில பார்த்து வச்சிருக்கன். போகேக்க அப்பாவையும் கூட்டிக் கொண்டு வரச் சொல்லியிருக்கன்.